அளபெடைப் பாப்பா

எங்கள் வீட்டில் இரண்டு பாப்பாக்கள் இருந்தார்கள். ஒருத்தி நான், இன்னொருத்தி என் அம்மா. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தா "பாப்பா" என்று வெட்டினாற்போல் கூப்பிட்டால் நான் போக வேண்டும். "பாப்பாஆஆ" என்று இழுத்தால் அம்மா போக வேண்டும். பின்னாளில் பள்ளிக்கூடத்தில் டீச்சர் அளபெடை நடத்தியபோது வகுப்பே விழித்துக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் உதாரணம் கைவசம் இருந்தது. எழுந்து சொன்னேன். டீச்சர் உட்காரச் சொல்லிவிட்டார்.

கட்டிய மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அப்போது எங்கள் தெருவிலேயே கிடையாது. எதிர்வீட்டுக்காரர் செருமுவார். டெய்லர் வீட்டில் கத்தரிக்கோலை மேஜையில் இரண்டு தட்டு. கோடிவீட்டில் மூத்த மகன் பேரைச் சொல்வார்கள். அவன் துபாய்க்குப் போன பிறகும் அவன் பேரைத்தான் சொன்னார்கள், அவன் அம்மாதான் வந்தார். பிற்காலத்தில் நான் திருமணங்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். விண்ணப்பம், வயதுச் சான்று, முகவரிச் சான்று, சாட்சிகள் என்று எதைக் கேட்டாலும் மடியில் வைத்திருப்பார்கள். "மணமகள் பெயரைச் சொல்லுங்கள்" என்றால் மட்டும் மாப்பிள்ளை அவள் முகத்தைப் பார்ப்பார், அவள் தன் தம்பியைப் பார்ப்பாள், தம்பி சொல்லுவான். சில வருடங்களில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு நான் வெளியே வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சொல்ல வந்தது அதுவல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எனக்குப் பற்கள் விழுந்து முளைத்துக்கொண்டிருந்த வயதில், ஓர் ஆடி மாதம் எங்கள் வீட்டில் நடந்த வழக்கு பற்றி.

என் அத்தாவும் சின்னத்தாவும் அண்ணன் தம்பி. என் அம்மாவும் சின்னம்மாவும் அக்கா தங்கை. அண்ணனுக்கு அக்கா, தம்பிக்குத் தங்கை. இப்படி முடிச்சுப் போட்டால் அவிழவே அவிழாது என்று எங்கள் ஜமாஅத்தில் எல்லோரும் மெச்சினார்கள். ஒரு முனையை இழுத்தால் மறுமுனையில் இருப்பவர் கழுத்தும் சேர்ந்து இறுகும் என்பதை யாரும் சொல்லவில்லை.

போத்தனூரில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. அந்தப் பக்கம், தூங்குமூஞ்சி மரங்களுக்கு நடுவே, ரயில்வே குவார்ட்டர்ஸில் சின்னத்தா வீடு. இரண்டுக்கும் நடுவே ஒரு லெவல் கிராசிங். அத்தா கடைவீதியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். சின்னத்தா யார்டில் பாயிண்ட்ஸ்மேன். பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் இடத்தில், கையில் கொடியும் வாயில் விசிலுமாக நிற்பார். விசில் ஊதினால் இன்ஜின் டிரைவர் தலையை நீட்டிப் பார்ப்பார். கொடியை ஆட்டினால் அவ்வளவு பெரிய இன்ஜின் பூனைக்குட்டி போல அவர் பக்கம் நகர்ந்து வரும். அப்போது எனக்கு உலகத்திலேயே பெரிய அதிகாரி சின்னத்தாதான்.

அவருக்குப் பேச்சு குறைவு; எங்கள் வீட்டுக்கு வந்தாலும் வாசலோடு திரும்பிவிடுவார். ஆனால் குரல் இருந்தது. பள்ளிவாசல் மோதினார் ஊருக்குப் போனாலோ படுத்துக்கொண்டாலோ தொழுகைக்கு அழைக்கும் பாங்கைச் சொல்லச் சின்னத்தாவைத்தான் கூப்பிடுவார்கள். மாலை மங்கும் நேரத்தில் அந்தக் குரல் எழும்போது பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று அதைத் தூக்கிக்கொண்டு யார்டின் மேலாகப் போகும். தண்டவாளங்கள் ஒவ்வொன்றாக மங்கும். மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் இன்ஜின்கள் அதைக் கேட்பதற்காகத்தான் நிற்கின்றன என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

கேட்டு நின்றது இன்ஜின்கள் மட்டுமல்ல. தாய் தகப்பன் போன பிறகு, கல்யாணம் ஆகும்வரை சின்னம்மா எங்கள் வீட்டில்தான் இருந்தாள். பாங்கு தொடங்கினால் துவைகல்லின் பக்கத்தில் பிழிந்த துணியோடு அப்படியே நிற்பாள். துணியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும்.

"ஆருக்கா அது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஆரா இருந்தா உனக்கென்ன? தொழுகைக்கு நிக்கிற வழியப் பாரு" என்றாள் அம்மா. அன்றைக்கே அத்தாவிடம் பேச்சை எடுத்துவிட்டாள். தங்கச்சி விஷயம் என்பதால் தோண்டித் தோண்டிக் கேட்டாள். "எங்கூடப் பொறந்தவன். அவனுக்கு ஒரு கொறையுமில்ல" என்று ஒவ்வொரு முறையும் அத்தா சொன்னார்.

நிக்காஹ் பள்ளிவாசலில் நடந்தது. பள்ளிவாசல் இமாமான அசரத் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, சின்னத்தா கூடவே சேர்ந்து சொன்னார். மாப்பிள்ளை எவ்வளவு தெளிவாகச் சொன்னார் என்று பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

கல்யாணமான இரண்டாவது ஆடிக் காற்றில் சின்னம்மா தகரப் பெட்டியோடு ரயில்வே கேட்டைத் தாண்டி வந்தாள். அவளுடைய முந்தானையும் கொடியில் காய்ந்த துணிகளும் ஒரே திசையில் பறந்துகொண்டிருந்தன.

"என்னடி, பெட்டியத் தூக்கிட்டு?"

"வந்துபோட்டேங்க்கா."

"அதுதான் தெரியுதே. எதுக்கு?"

"அவரு விசிலடிக்கிறாரு."

அம்மாவுக்குப் புரியவில்லை. "அது அவரு வேலைதானடி?"

"வேலையில அடிச்சாப் பரவால்லக்கா. எனக்கு அடிக்கிறாரு. ஒண்ணு அடிச்சா டீ. ரெண்டு அடிச்சாச் சுடுதண்ணி. நீட்டி அடிச்சா நா போயி முன்னால நிக்கோணும். நா என்ன இன்ஜினா?"

அது அவளுக்குப் பழகித்தான் போயிருந்தது. அன்று காலையில் நடந்ததுதான் தாங்கவில்லை. சின்னத்தா வாசலில் நின்று நீளமாக ஒரு விசில் அடித்திருக்கிறார். "நானும் போனேன். மரத்தடியில கெடந்த நாயும் எந்திரிச்சு வந்துச்சு. ரெண்டு பேரும் அவரு முன்னால நிக்கிறம்க்கா. அவரு நாயப் பாத்துச் சிரிச்சாரு." சொல்லிவிட்டுப் பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதாள்.

சாயங்காலம் அத்தா வந்து விஷயத்தைக் கேட்டதும் இருமல் வரும்வரை சிரித்தார். "நாயி மொதல்ல வந்துச்சா, நீ மொதல்ல போனியாம்மா?" என்றார். அம்மா பார்த்த பார்வையில் மீதிச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

அத்தாவின் சிரிப்பு நாலு நாள் கூடத் தாங்கவில்லை. சின்னம்மா திரும்பிப் போக மறுத்தாள். சின்னத்தா வந்து கூப்பிடவும் இல்லை. அதற்குப் பதிலாக ஷொரனூருக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார் என்று சேதி வந்தது. தனியாகப் போகப் போகிறாராம். அதைக் கேட்ட சின்னம்மா, "அப்ப எனக்கும் ஒரு தலாக்கு எழுதிக் குடுத்துரச் சொல்லுங்க. நா இருந்துக்கறேன்" என்றாள். அதன் பிறகுதான் விஷயம் பள்ளிவாசலுக்குப் போனது.

பள்ளிவாசலை ஒட்டிய அறையில் நடுவே ஒரு திரை. அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் அம்மாவும் சின்னம்மாவும். நான் திரையைத் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்திலும் இருந்தேன். பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி மரக்கடைக்காரர். மரத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவருக்குரிய குரல்.

"அடிச்சானாம்மா?"

"இல்லீங்க."

"குடி கிடி?"

"அய்யோ, இல்லீங்க."

"சம்பளத்தக் குடுக்கறானா?"

"கவரப் பிரிக்காமக் குடுக்கறாருங்க."

"அப்பறம் என்னதாம்மா குத்தம்?"

"விசிலுங்க."

திரைக்கு அந்தப் பக்கம் சிரிப்பு. நான் பார்த்தவரை எந்தச் சட்டத்திலும் அதற்குப் பிரிவு கிடையாது. அடி, உதை, பட்டினி, கைவிடல் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. விசிலுக்கு இல்லை. அசரத் மட்டும் சிரிக்கவில்லை. சின்ன உருவம், பெரிய கண்ணாடி. "உங்களுக்கு என்ன வேணும்ங்கம்மா?" என்று கேட்டார்.

"என்னையப் பேர் சொல்லிக் கூப்புடணுங்க" என்றாள் சின்னம்மா. காற்றில் திரை உப்பித் தணிந்தது. "ஊரையே கூப்புடறாருங்க அசரத். என்னைய ஒருத்தியத்தான் கூப்புட மாட்டேங்கிறாரு."

யாரும் சிரிக்கவில்லை. அசரத் சின்னத்தாவிடம் திரும்பி, "ஏனுங்க, கூப்புட்டா என்னுங்க?" என்றார்.

சின்னத்தா உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, "வர்றதில்லீங்க" என்றார்.

நம்ம பக்கத்தில் அந்தப் பழக்கம் வர்றதில்லை என்று எல்லோரும் அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். "அதுதான பாரு" என்று முத்தவல்லி தலையை ஆட்டினார். அத்தா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கணவன் மனைவிக்குள் பிளவு வந்துவிடுமோ என்று பயம் வந்தால், அவன் குடும்பத்தில் ஒருவரையும் அவள் குடும்பத்தில் ஒருவரையும் பேச வையுங்கள் என்று குர்ஆனிலேயே இருக்கும் முறையை அசரத் எடுத்துச் சொன்னார். பையன் பக்கம் அண்ணன். பெண் பக்கம் அக்கா.

"பொம்பளையவா?" என்றார் முத்தவல்லி.

"பொண்ணு ஊட்டுல ஒருத்தருன்னுதானுங்க இருக்குது. அந்தப் புள்ளைக்கு அக்காவ உட்டா வேற ஆரு இருக்கா? இன்னியிலருந்து இவங்க ரெண்டு பேருந்தான் வக்கீலு."

ஒருவர் சார்பாகப் பேச நியமிக்கப்படுகிறவரை எங்கள் வழக்கில் வக்கீல் என்பார்கள். நிக்காஹ் நேரத்தில் பெண்ணின் சம்மதத்தைக் கேட்டு வந்து சொல்பவரும் வக்கீல்தான். அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த வக்கீல் சினிமாவில் வருகிறவர்: கறுப்பு அங்கி, உரத்த குரல், கடைசியில் ஒருவருக்குத் தூக்கு. வீட்டுக்கு வரும் வழியில் யோசித்துப் பார்த்தேன். அம்மாவிடம் கறுப்புப் பர்தா இருந்தது. அத்தாவிடம் அங்கி ஒன்றும் இல்லை. வழக்கு அம்மாவுக்குத்தான் ஜெயம் என்று முடிவு செய்தேன்.

பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் அத்தா கடையை அடைத்துவிட்டு வருவார். கூடத்தில் பாய் விரித்து இருவரும் எதிரெதிரே உட்காருவார்கள். சின்னம்மா சமையற்கட்டு நிலைப்படியில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருப்பாள். நான் வாசலில் நின்று கோர்ட்டு டவாலி வேலை பார்த்தேன். சாட்சியை மூன்று தரம் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது எனக்குத் தெரிந்த முறை. "சின்னம்மா! சின்னம்மா! சின்னம்மாஆ!" என்று கத்தினேன். கீரையோடு அவள் சிரித்துவிட்டாள்.

"அம்மா, வக்கீலையும் கூப்புடோணும். உம்பேரு என்னுது?"

"வக்கீலுக்குப் பேரு எதுக்கு? போயி டீயக் கொண்டா" என்றாள் அம்மா.

உண்மையில் எனக்கு அது தெரியாது. சின்னம்மாவுக்கு அவள் அக்கா, சின்னத்தாவுக்கு அண்ணி, தெருவுக்குச் சைக்கிள்கடை பாய் ஊட்டம்மா. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அத்தா பேரை மட்டும்தான் கேட்டார்கள். பேர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு மேலே மூத்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை.

வாதம் இப்படிப் போகும்.

"உங்க தம்பிக்கு வாயே இல்லீங்களா?"

"இருக்குது. அதுலதான் விசில வெச்சிருக்கறான்."

"அத எடுத்துப்போட்டுப் பேசச் சொல்லுங்க."

"உந்தங்கச்சி மட்டும்? இவ்வளவு நாளு போயி நின்னா. திடீர்னு நாயப் பாத்ததும் ரோசமா?"

"நாயவாச்சும் அவரு பாத்துச் சிரிச்சாரில்லீங்களா."

அத்தாவிடம் பதில் தீர்ந்துபோனால் குரலை உயர்த்துவார். நான் பார்த்த வக்கீல்களும் அப்படித்தான். ஒருநாள் அப்படி உயர்த்தி, "பேர் சொல்லிக் கூப்புடறதெல்லாம் சினிமாலதான். நம்ம ஊட்டுல ஆரு கூப்புடறா?" என்றார்.

டம்ளரை வாயருகே கொண்டுபோன அம்மா அப்படியே நிறுத்தினாள். வெளியே ஷண்டிங் வண்டி பெட்டிகளை மோதிக் கோக்கும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொலைவுவரை போனது.

"ஆருமில்லீங்க" என்றாள். அன்றைய அமர்வு அத்துடன் முடிந்தது. டீயை அவள் குடிக்கவே இல்லை.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ, சாரல் அடித்துக்கொண்டிருந்த மாலையில், மோதினாருக்குக் காய்ச்சல். மஃரிப் தொழுகைக்குச் சின்னத்தாவின் குரல் எழுந்தது. சின்னம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். சாத்திய ஜன்னலுக்கு வெளியே அந்தக் குரல், தண்ணீருக்கு அடியில் யாரோ பேசுவது போல, வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தது. பள்ளிவாசலுக்குக் கிளம்பி நின்ற அத்தா அதைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"பாப்பா, நீ வெளிய போ" என்றார். சின்னப் பாப்பா. போனேன். கதவுக்குப் பின்னால்தான் போனேன்.

"அவனுக்குத் திக்கும்" என்று அம்மாவிடம் சொன்னார் அத்தா.

பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கும்போது 'உள்ளேன் ஐயா' சொல்ல வராமல் பெஞ்சு மேல் நிற்பானாம். பையன்கள் அவனைப் போலப் பேசிக்காட்டிக்கொண்டே வீடுவரை துரத்துவார்களாம். வளர வளர வராத சொல்லுக்குப் பதில் வேறு சொல்லைப் போட்டுத் தப்பிக்கப் பழகிவிட்டான். "பேருக்கு மாத்துப் பேரு ஏது? அதுலதான் மாட்டிக்குவான். ஓதறப்பத் திக்காது, பாங்குல திக்காது. ஆளுக்கு நேரா நிக்கிறப்பத்தான். அதும் வேணும்கிற ஆளுன்னா சாஸ்தி."

உள்ளே அம்மா டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம்.

"அன்னிக்கு நா கேட்டப்ப எங்கிட்ட என்ன சொன்னீங்க?"

"கொறையில்லைன்னேன். அது ஒரு கொறையா?"

"கொறையே இல்லீங்க. அத ஏனுங்க எங்கிட்ட மறைச்சீங்க?"

அத்தா இந்த முறை குரலை உயர்த்தவில்லை.

அக்கா சொல்லித் தெரிந்ததும் சின்னம்மா கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு, "எம்பேருல அவ்வளவு கஷ்டமான எழுத்து என்னக்கா இருக்குது?" என்றாள். பிறகு, "இருந்தாலும் அவரா வந்து சொல்லட்டும்" என்று பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

கோபம் அம்மாவிடம் தங்கிவிட்டது. சோறு போட்டாள், சட்டை துவைத்தாள், பேச்சு மட்டும் இல்லை. அத்தா வாசலில் சைக்கிளை நிறுத்தி "பாப்பாஆஆ" என்பார். உள்ளே பாத்திரம் உருளும், ஆள் வராது. இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்ப்பார். கடைசியில் நான் ஓடுவேன். "உன்னையில்ல" என்பார். பிறகு என் தலையைத் தடவிவிட்டு அங்கேயே நிற்பார்.

ஒருநாள் அசர் முடிந்து என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துக்கொண்டு அசரத்திடம் போனார். ஹவுஸ் எனும் பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அசரத் எல்லாவற்றையும் கேட்டார்.

"வக்கீலுங்களே கட்சிக்காரங்களா ஆயிட்டீங்களாக்கும்?" என்றார். கண்ணாடியைத் துடைத்தார். "முறை ஒண்ணுதானுங்க. உங்க குடும்பத்துல ஒருத்தரு, அவங்க குடும்பத்துல ஒருத்தரு. உங்க பக்கம் தம்பி. அவங்க பக்கம் தங்கச்சி."

"அவங்க ரெண்டு பேருமே பேசிக்கிறதில்லீங்களே அசரத்!"

"வக்கீலுன்னு ஆன பொறகு பேசாம எப்புடீங்க? பேசித்தான ஆகோணும்" என்றுவிட்டு, அடுத்த தொழுகைக்கு ஒளூச் செய்யக் கையைத் தண்ணீரில் விட்டார்.

என் உத்தியோக காலத்தில் எத்தனையோ உத்தரவுகளைப் படித்திருக்கிறேன். இவ்வளவு சின்னதாக, ஓட்டையே இல்லாமல் ஒன்றைப் பார்த்ததில்லை. அத்தா சைக்கிளை உருட்டிக்கொண்டே வீடுவரை நடந்தார்.

மறுநாள் மாலை சின்னத்தா எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். "நீங்க வக்கீலு, உக்காருங்க" என்று சின்னம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் உட்காரவில்லை. காலையிலிருந்து வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "வா, கேட்டு வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றாள். நல்ல சேலை கட்டியிருந்தாள்.

கேட் சாத்தியிருந்தது. சாரல் நின்று, வெயில் ஒருமாதிரி மஞ்சளாக இருந்தது. அந்தப் பக்கம், சாத்திய கம்பிக்குப் பின்னால், சின்னத்தா. பெருநாளுக்குப் போடும் வெள்ளைச் சட்டை. எங்களைப் பார்த்ததும் பழக்கத்தில் அவர் கை விசிலுக்குப் போய் அதை உதட்டுவரை கொண்டுவந்துவிட்டது. பிறகு இறக்கினார். கழுத்தில் தொங்கிய கயிற்றோடு சேர்த்துக் கழற்றி, சட்டைப் பையில் போட்டார்.

வாயைத் திறந்தார். அப்போது கூட்ஸ் வந்தது.

பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் நீளமான கூட்ஸ். பழுப்புப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட, பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் சந்தில் சின்னத்தா தெரிந்தார், மறைந்தார், தெரிந்தார். ஒவ்வொரு சந்திலும் அவர் வாய் திறந்தேதான் இருந்தது. கண் மூடியிருந்தது. தாடை நடுங்கிற்று. கழுத்து நரம்பு புடைத்தது. கொட்டாவி வந்து பாதியில் நின்றுபோய்விட்டது என்று நினைத்தேன். சின்னம்மாவின் கை என் கையை நெரித்தது. வலிக்கிறது என்று சொல்லத் தலையைத் தூக்கினேன். அவள் உதடும் லேசாக அசைந்துகொண்டிருந்தது, குழந்தைக்குச் சோறூட்டும்போது நம் வாயும் திறக்குமே, அப்படி.

கடைசியில் கார்டு வண்டி போனது. சத்தம் தேய்ந்துகொண்டே போக, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது போல, அந்தப் பக்கமிருந்து ஒரு பேரின் பின்பாதி வந்து சேர்ந்தது. பாங்குக் குரல் அல்ல. உடைந்து, வியர்த்த குரல்.

"கேக்குதுங்க" என்றாள் சின்னம்மா. அவ்வளவு மெல்லச் சொன்னால் அந்தப் பக்கம் கேட்காதே என்று எனக்குக் கவலையாக இருந்தது.

அவள் கம்பிக்கு அடியில் குனிந்து போகப் பார்த்தாள். கேட் கீப்பர் குடிசையிலிருந்து கத்தினார். "அம்மணி! கேட்டு தூக்கறதுக்குள்ள என்னுங்க அவசரம்? உங்க ஊட்டுக்காரரு எங்கயும் ஓடிப்போயிற மாட்டாருங்க!"

அன்றைக்கு எங்கள் கூடத்தில் புது வக்கீல்கள் உட்கார்ந்தார்கள். பழைய வக்கீல்கள் எதிரே. சின்னத்தா தன் அண்ணனுக்காகச் சொல்ல வேண்டியதை ஒரே வாக்கியத்தில் சொன்னார். "அண்ணி, எ... எ... எனக்கோசரந்தான் மறைச்சாரு." அதைச் சொல்லி முடிக்க நேரமாயிற்று. யாரும் நடுவில் எடுத்துக்கொடுக்கவில்லை. மழை ஓட்டில் விழுவதைக் கேட்பது போல எல்லோரும் காத்திருந்தார்கள். என்னால்தான் முடியவில்லை; உதவலாம் என்று வாயெடுத்தேன், சின்னம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

பிறகு அவள் முறை. அக்காவின் வக்கீல். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எங்கக்காவுக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க மச்சான். பேர் சொல்லிக் கூப்புடுங்க."

"இப்பவா? புள்ள பெத்து இத்தன வருசத்துக்கப்பறமா?" அத்தா சிரிக்கப் பார்த்தார். "வெக்கமா இருக்காதா? தெருவுல ஆராச்சும் கேட்டா?"

"அவருக்காச்சும் நாக்குத் திக்குது" என்றாள் சின்னம்மா. "உங்களுக்கு என்னங்க மச்சான் திக்குது?"

அம்மா பாயின் கோரையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். தன் வழக்கு நடக்கிறது என்றே தெரியாதவள் போலிருந்தாள். அத்தா தலையைக் குனிந்து, சைக்கிள் கிரீஸ் படிந்த கைகளைப் பார்த்தார். தம்பி பள்ளிவாசலில் பார்த்தாரே, அதே மாதிரி. தீர்ப்பு எதுவும் சொல்லப்படவில்லை. எல்லோரும் டீ குடித்தோம். சின்னத்தாவும் சின்னம்மாவும் தகரப் பெட்டியை ஆளுக்கொரு கைப்பிடியாகத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார்கள். ஷொரனூர் மாற்றலை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். கொடுத்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவது எவ்வளவு பெரிய பாடு என்பது உத்தியோகத்துக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சில நாள் கழித்து. மறுபடியும் சாரல், மறுபடியும் காற்று. தெருவே ஈரத்தில் மிதப்பது போலிருந்தது. நான் வாசற்படியில் உட்கார்ந்து, முடிந்துபோன கோர்ட்டுக்கு டவாலியாக யாருமில்லாத தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தா வந்தார். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். பாப்பா என்பாரா, பாப்பாஆஆ என்பாரா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு நான் கேட்டே இராத ஒரு பெண்பிள்ளையின் பேரைச் சொன்னார்.

வீடு மாறி வந்துவிட்டார் போலும் என்று எழுந்து நின்றேன். "அப்புடி ஆரும் இந்த ஊட்டுல இல்லீங்களே அத்தா" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு மேலாக, உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். சமையற்கட்டில் அம்மி நின்றது. அம்மா ஈரக்கையோடு நிலைப்படிவரை வந்து நின்றாள். அவள் முகம் சிவந்து, வயது குறைந்து, எனக்கு அடையாளமே தெரியவில்லை.

"வாரேனுங்க" என்றாள்.

எனக்கு அழுகையாக வந்தது. அன்று அத்தா என்னைக் கூப்பிடவே இல்லை, குறுக்கியும் இல்லை, நீட்டியும் இல்லை. புதிதாக ஒருத்தி நம் வீட்டுக்கு வந்துவிட்டாள், அவளைத்தான் இனிமேல் கூப்பிடுவார்கள் என்று மட்டும் புரிந்தது. இருப்பதோ ஒரே கூடம். என் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவளுக்கு எங்கே பாய் விரிப்பார்கள் என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.